கொட்டாவிக்கு எழும் கை

காலை ஆறே காலுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தால் அது நல்ல செய்தியாக இருக்காது என்று அந்த நாட்களில் பழகியிருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் மதுரையில், நான் பெங்களூரில். எடுத்ததும் அம்மா அழுதாள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கொஞ்சம் கழித்துத்தான் அது வேறு மாதிரி அழுகை என்று புரிந்தது.

“தம்பி, அப்பா கையத் தூக்கிட்டாருய்யா. எடது கைய. என் கண்ணால பாத்தேன்.”

“எவ்வளவு தூரம்மா?”

“மடியில கெடந்த கை, நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. செத்த நேரம் அப்படியே நின்னுச்சு. அப்பறம் தானா எறங்கிருச்சு.”

“மறுபடி தூக்கச் சொன்னியா?”

“சொன்னேன். வரல.”

பத்து வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். ஒரு பிழை தலைகாட்டினால், அந்த நேரத்தில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்றுதான் முதலில் பார்ப்போம்.

“அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு?”

“ஒண்ணும் பண்ணலய்யா. சும்மா உக்காந்து கொட்டாவி விட்டாரு.”

அம்மா அதை ஒரு தகவலாகவே சொல்லவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது, பால்காரர் வந்துபோனார் என்பதுபோல அதுவும் ஒன்று. போனை வைத்த கையோடு மஞ்சள் துணியில் 11 ரூபாயை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். எனக்கு அந்தக் கொட்டாவி உறுத்திக்கொண்டே இருந்தது. கொட்டாவியோடு எனக்கு ஏற்கெனவே இரண்டு வழியில் பழக்கம் உண்டு. ஒன்று அப்பா, இன்னொன்று சம்பளம்.

அப்பா அரசு பஸ் டிரைவர். 31 வருட சர்வீஸில் கடைசி 14 வருடம் மதுரை – சென்னை ராத்திரி வண்டி. ஒன்பதரைக்கு எடுப்பார். உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து திண்டிவனம் வரைக்குமான தூரத்தை அவர் ‘கண்டம்’ என்பார். மணி இரண்டரைக்கும் நாலுக்கும் நடுவில் வண்டி அங்கேதான் இருக்கும். ரோடு நேர்கோடு. பின்னால் அத்தனை பேரும் உறக்கம். அந்த நேரத்தில் வருகிற கொட்டாவிக்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. “மொதக் கொட்டாவிக்கு வெத்தல. ரெண்டாவதுக்கு மூஞ்சில தண்ணி. மூணாவது வந்தா ஓரங்கட்டு.”

ஒருமுறை மூன்றாவது வந்துவிட்டது. விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங் மேலேயே 20 நிமிடம் தலை சாய்த்திருக்கிறார். முழித்துக்கொண்ட பயணி ஒருவர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். மேலே விளக்கம் கேட்டார்கள். மூணாவது கொட்டாவி வந்தது, அதனால் நிறுத்தினேன் என்றா எழுத முடியும்? “இன்ஜின் சூடாகிவிட்டதால்” என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பதில் எவ்வளவு பொருத்தமானது என்று அவருக்கும் அப்போது தெரியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இருப்பவர் கொட்டாவி விடக் கூடாது. விட்டால் கண்டக்டர் மூலமாகச் சொல்லிப் பின்னால் அனுப்பிவிடுவார். “கொட்டாவி ஒட்டுவாரொட்டிடா. அவன் விட்டா நமக்கு வரும். அவன் தூங்கலாம், நாம தூங்க முடியுமா?” பள்ளி விடுமுறையில் ஓரிரு முறை அவர் வண்டியில் போயிருக்கிறேன். தாடையை இறுக்கிக்கொண்டு கொட்டாவியை மென்று விழுங்கியது ஞாபகம் இருக்கிறது. விழுங்கிய கொட்டாவிக்கு ஒரு நிறைவின்மை உண்டு. காதுக்குள் ஏதோ பாதியில் நின்றுபோன மாதிரி. ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆய்வுக்கூடத்தில் ஆட்களைப் பல்லைக் கடித்தபடி கொட்டாவி விடச் சொல்லி இதையேதான் கண்டிருக்கிறார். வாய் திறக்காத கொட்டாவி, விட்ட கணக்கில் சேராது.

சம்பளக் கதை இப்படி. 2019-ல் நான் சேர்ந்த நிறுவனம், லாரி டிரைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு கேமராவைச் செய்துகொண்டிருந்தது. கண் சொருகினால், தலை சாய்ந்தால், கொட்டாவி விட்டால் பீப் பீப் என்று கத்த வேண்டும். இந்த மாதிரி எச்சரிக்கை ஏற்பாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலையிலிருந்து புதிய வண்டி மாடல்களுக்குக் கட்டாயம். அதனால் அந்தச் சமயத்தில் நிறையப் பேர் இதே வேலையில் இறங்கியிருந்தார்கள். எங்கள் குழுவில் கொட்டாவி என் பொறுப்பு. ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும்.

வேலை என்னவோ கணக்கில் சுலபம். முகத்தில் 68 புள்ளிகளை நிரல் குறித்துக் கொடுக்கும், அதில் 20 வாயைச் சுற்றி. மேல் உதட்டுக்கும் கீழ் உதட்டுக்கும் இடையிலான உயரத்தை வாயின் அகலத்தால் வகுக்க வேண்டும். அந்த எண் ஓர் அளவுக்கு மேல் போய் இரண்டு மூன்று நொடி அங்கேயே நின்றால் கொட்டாவி. பயிற்சிக்கு வீடியோக்கள் வேண்டும். ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் தயாரித்து 2014-ல் வெளியிட்ட ‘யாடிடி’ என்ற தொகுப்பு இருக்கிறது. நிற்கும் காரில் ஆட்களை உட்கார வைத்து, சும்மா இருக்கச் சொல்லி, பேசச் சொல்லி, பாடச் சொல்லி, கொட்டாவி விடச் சொல்லி எடுத்தது. அது போதாமல் நாங்களும் அலுவலகத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் கேமரா முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விட்டோம்.

சிக்கல் அங்கேதான். சொல்லி விடுகிற கொட்டாவி வேறு, தானாக வருவது வேறு. நடிப்புக் கொட்டாவியில் வாய் சட்டென்று திறந்து சட்டென்று மூடும். நிஜமானதில் தாடை மெதுவாக இறங்கும், மூச்சு நீளமாக உள்ளே போகும், உச்சியில் ஒரு கணம் நின்று பிறகு வேகமாக வெளியேறும். கண் இடுங்கும், ஓரத்தில் நீர் கட்டும், கழுத்து கொஞ்சம் பின்னால் போகும். மொத்தம் ஆறு நொடி அளவு. ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்துவது கஷ்டம். வரைபடம் போட்டுப் பார்த்தால் இரண்டும் இரண்டு மலைகள். இதில் வேடிக்கை, அரை மணி நேரம் பொய்க் கொட்டாவி விட்டால் நிஜக் கொட்டாவி வந்துவிடும். பக்கத்து மேசையில் இருந்த கணக்குப் பிரிவுப் பெண்ணுக்கும் வந்துவிடும். எது நடிப்பு, எது நிஜம் என்று நாங்களே பெயர்ச்சீட்டு ஒட்ட முடியாமல் விழித்தோம்.

சாலையில் ஓடவிட்டபோது வேறு மாதிரி அடி. பாட்டோடு சேர்ந்து பாடும் டிரைவருக்கெல்லாம் பீப் அடித்தது. உண்மையிலேயே கொட்டாவி விட்டவர்களை விட்டுவிட்டது, ஏனென்றால் அவர்கள் கையால் வாயை மூடினார்கள். சிலர் வாய்க்கு நேரே விரலைச் சொடுக்கினார்கள். எங்கள் அப்பத்தாவும் அப்படித்தான். கொட்டாவி வந்தால் டக் டக்கென்று இரண்டு சொடக்கு, வாய் வழியாக எதுவும் உள்ளே புகுந்துவிடாமல் இருக்க. கனடாவில் எடுத்த வீடியோவில் அப்பத்தா எங்கே இருக்கப் போகிறாள்?

அப்பாவிடம் இந்தக் கேமராவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டார்: “கொட்டாவி வந்தது டிரைவருக்குத் தெரியாதாடா? அதச் சொல்ல ஒரு மிஷினா? ஓரங்கட்டி 20 நிமிஷம் தூங்குனா யாரும் கேள்வி கேக்க மாட்டோம்னு சொல்லச் சொல்லு, அது போதும்.” நான் ஒன்றரை வருடத்தில் அந்த வேலையை விட்டேன். காரணம் இதுவல்ல, சம்பளம்தான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஏன் கொட்டாவி வருகிறது என்று வேலைக்காகப் படிக்க ஆரம்பித்தபோது, பள்ளியில் படித்ததுதான் முதலில் உடைந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து கரியமில வாயு கூடினால் கொட்டாவி வரும் என்று எங்கள் அறிவியல் ஆசிரியர் சொன்னார். அவரிடம் படித்த அத்தனை பேரும் இன்னமும் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ப்ரொவைனும் கூட்டாளிகளும் 1987-லேயே இதைச் சோதித்துவிட்டார்கள். மாணவர்களை 3 முதல் 5 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். சாதாரணக் காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். மூச்சு வேகமெடுத்தது, கொட்டாவி கூடவில்லை. தூய ஆக்ஸிஜன் கொடுத்தார்கள், கொட்டாவி குறையவில்லை. உடற்பயிற்சி செய்ய வைத்தும் பார்த்தார்கள், மாற்றமில்லை. யோசித்தால் நமக்கே தெரிந்திருக்க வேண்டும். தாயின் வயிற்றுக்குள் காற்றே இல்லை, அங்கேயும் சிசு கொட்டாவி விடுகிறது. மூன்றாம் மாத வாக்கிலேயே ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள்.

பிறகு வந்ததுதான் இன்ஜின் சூடு. ஆண்ட்ரூ கேலப் என்பவர் 2007-லிருந்து சொல்லிவருவது, கொட்டாவி மூளையைக் குளிர்விக்கும் ஏற்பாடு என்று. தாடை முழுக்கத் திறந்து நீளும்போது முகத்திலும் தலையிலும் ரத்த ஓட்டம் மாறுகிறது, உள்ளே இழுக்கும் காற்று குளிர்ச்சி தருகிறது, வண்டிக்கு ரேடியேட்டர் மாதிரி. கொட்டாவி விடுகிறவர்களின் வீடியோவைக் காட்டி, பார்ப்பவர்களின் நெற்றியில் ஒத்தடப் பை வைக்கச் சொன்னார்கள். சூடான பையோ சாதாரணப் பையோ வைத்தபோது 41 சதவீதம் தடவை கொட்டாவி ஒட்டியது. சில்லென்ற பை வைத்தபோது 9 சதவீதம்தான். இதைப் படித்ததும் எனக்கு அப்பாவின் மூஞ்சில் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது.

வெளிக் காற்று குளிராக இருந்தால்தானே ரேடியேட்டர் வேலை செய்யும்? அதையும் பார்த்திருக்கிறார்கள். அரிசோனாவின் டூசான் பாலைவன நகரில் தெருவில் நடப்பவர்களிடம் கொட்டாவிப் படங்களைக் காட்டினார்கள். இதமான குளிர்காலத்தில் 45 சதவீதம் பேருக்கு ஒட்டியது. கோடையில், வெளி வெப்பம் உடம்புச் சூட்டளவுக்கு ஏறியிருந்தபோது, 24 சதவீதம். பிறகு வியன்னாவில் செய்தபோது தலைகீழ். அங்கே கோடைதான் இதம், கொட்டாவி கோடையில் கூடியது, உறைபனிக் குளிரில் குறைந்தது. இரண்டையும் சேர்த்து, ரொம்பச் சூட்டிலும் ரொம்பக் குளிரிலும் கொட்டாவி அடங்கும், நடுவில் ஒரு ஜன்னல் இருக்கிறது என்கிறார்கள். அழகான விளக்கம். அழகாக இருப்பதாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம். எந்த முடிவு வந்தாலும் பொருந்துகிற மாதிரி ஜன்னலை நகர்த்திக்கொள்ள முடியுமே என்று தோன்றும். ஜெனீவாவைச் சேர்ந்த ஏட்ரியன் குகிஸ்பெர்க் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. அவர் கொட்டாவிக்கு முன்னும் பின்னும் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தவர். தூக்கக் கலக்கத்தில் கொட்டாவி வருகிறது, சரி. ஆனால் விட்ட பிறகு மூளை விழிப்படைந்த அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை என்றார். ஆக, அப்பாவின் மூன்று கொட்டாவிக் கணக்கு சரிதான். கொட்டாவி தூக்கத்தைச் சொல்லும், விரட்டாது.

ஒன்றில் மட்டும் எனக்கு நம்பிக்கை கூடியது. 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பாலூட்டிகளும் பறவைகளுமாக 101 இனங்களின் 1,291 கொட்டாவிகளை நேரம் அளந்திருந்தார்கள். மூளை பெரிதாக ஆக, நரம்பணுக்கள் கூடக் கூட, கொட்டாவியும் நீள்கிறது. எலிக்கு ஒரு நொடி கூட இல்லை. யாரோ உட்கார்ந்து 1,291 கொட்டாவிகளை அளந்திருக்கிறார் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் மட்டும் தனியாக இல்லை.

நம் சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத 14 வேகங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. தும்மல், பசி, தாகம், தூக்கம், கண்ணீர் எல்லாம் அதில் வரும், கொட்டாவியும் உண்டு. வேகம் என்ற சொல் எனக்குப் பிடித்தது. உள்ளேயிருந்து உந்தி வருவது, நாம் தொடங்காதது. நடிப்புக் கொட்டாவிக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அதைத்தான் என் நிரலால் பிடிக்க முடியவில்லை.

அம்மாவின் போன் வந்த அன்று ராத்திரி, பழைய கோப்புகளைத் திறந்து தேட ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்துக்குள் கிடைத்துவிட்டது. பெயரே இருக்கிறது, ‘பாராகினேசியா பிராக்கியாலிஸ் ஆஸிட்டன்ஸ்’. கொட்டாவியின்போது செயலிழந்த கை தானாக எழுவது. பெயர் வைத்தவர் ஒலிவியே வாலுசின்ஸ்கி. பிரான்ஸில் ஒரு சிறு ஊரில் குடும்ப மருத்துவராக இருந்துகொண்டு வாழ்நாள் முழுக்கக் கொட்டாவியைப் பற்றிப் படித்த மனிதர். அவரும் கூட்டாளிகளும் 2005-ல் இதை எழுதினார்கள். அதற்கு முன்பே, 1923-ல், ஃபிரான்சிஸ் வால்ஷ் என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் பக்கவாத நோயாளிகளிடம் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

நான் புரிந்துகொண்டது இது. கையைத் தூக்கு என்று நாம் நினைத்தால், அந்தக் கட்டளை பெருமூளையின் மேற்பரப்பில் கிளம்பி, நடுவில் ஒரு குறுகலான கணவாய் வழியாக இறங்கி, மூளைத்தண்டின் அடியில் பக்கம் மாறித் தண்டுவடத்துக்குப் போகிறது. அப்பாவுக்கு வலது மூளையில் அந்தக் கணவாயில்தான் ரத்தம் அடைத்தது, அதனால் இடது பக்கம் விழுந்தது. கொட்டாவி அந்த வழியாக வருவதில்லை. அதன் இருப்பிடம் கீழே, ஹைப்போதலாமஸிலும் மூளைத்தண்டிலும். பெருமூளை உருவாகாமலே பிறந்த குழந்தைகள்கூடக் கொட்டாவி விட்டதாகக் குறிப்புகள் உண்டு. உடம்பு முழுக்கச் செயலிழந்து, கண்ணை மட்டும் அசைக்க முடிகிற நோயாளிகள் இருக்கிறார்கள். வாயைத் திற என்றால் அவர்களால் முடியாது. கொட்டாவி வந்தால் வாய் முழுதாகத் திறக்கும். மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பழைய பாதைகள் சில உண்டு. சாதாரணமாக மேலே இருப்பவர் அவற்றை அடக்கி வைத்திருப்பார். மேலிருந்து வரும் கம்பி அறுந்துபோனதால், கொட்டாவி கிளம்பும்போது அந்தப் பழைய பாதை தன் இஷ்டத்துக்குக் கையையும் தூக்கிவிடுகிறது. இதுதான் அவர்கள் தரும் விளக்கம்.

ஆக, கை எழுந்தது குணமாவதன் அடையாளம் இல்லை. அறுந்திருப்பதன் அடையாளம்.

படித்துவிட்டு லேப்டாப்பை மூடினேன். மஞ்சள் துணி முடிச்சு கண்ணுக்குள் நின்றது. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் சொல்லவில்லை.

அதற்குள் அம்மா அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். கொட்டாவி விட்டால்தான் கை வருகிறது என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். 31 வருடம் டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குக் கொட்டாவி ஒட்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் சாயங்காலம் அப்பாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கொட்டாவி விட ஆரம்பித்தாள். முதல் நான்கைந்து பொய்யாக இருக்கும். அப்பா சிரிப்பார், ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் சிரிப்பு. பிறகு அம்மாவுக்கு நிஜமாகவே ஒன்று வரும். அது வந்ததும் அப்பாவுக்கு. வாய் திறக்கத் திறக்க இடது கை மடியிலிருந்து கிளம்பும், முழங்கை மடங்கி நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கும், வாய் மூடும்போது இறங்கும்.

“கியர் போடுறாரு பாரு,” என்றாள் அம்மா வீடியோ காலில். நம் ஊர் வண்டியில் கியர் இடது கைக்குத்தானே. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. கொட்டாவிதான் வந்தது. செல்போன் திரை வழியாகவும் ஒட்டுகிறது.

இத்தாலியில் இவான் நோர்ஷியாவும் எலிசபெத்தா பலாகியும் 2011-ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஆட்களை ரயிலிலும் உணவகத்திலும் வீட்டிலும் கவனித்து, யாருடைய கொட்டாவி யாருக்கு ஒட்டுகிறது என்று குறித்தார்கள். அந்நியரைவிடத் தெரிந்தவருடையது, தெரிந்தவரைவிட நண்பருடையது, எல்லாவற்றையும்விட ரத்த சொந்தத்தினுடையதும் துணையினுடையதும் அதிகமாக ஒட்டுகிறது என்றார்கள். இதை வைத்துக் கொட்டாவி என்றால் பரிவு, இரக்கம் என்று நிறையப் பேர் உருகி எழுதியிருக்கிறார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் 2014-ல் 328 பேரிடம் செய்த ஆய்வு அந்த உருகலில் தண்ணீர் ஊற்றியது. 222 பேருக்கு ஒட்டியது, ஆனால் பரிவுக்கான மதிப்பெண்ணோடு அதற்கு வலுவான தொடர்பு எதுவும் இல்லை. வயது மட்டும் கொஞ்சம் கணக்கில் வந்தது, வயது கூடினால் ஒட்டுவது சற்றுக் குறைகிறது. நான் இரண்டாவது கட்சி. நமக்கு வேண்டியவர்களின் முகத்தைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம், அதனாலேயே கூட ஒட்டலாம். ஆனால் அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் இந்த வாதத்தை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

பிசியோதெரபி பண்ண வரும் பையன் முதல் நாளே, “அது ரிஃப்ளெக்ஸும்மா, அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது,” என்று சொல்லியிருக்கிறான். அம்மா அவனுக்கு அன்றைக்குக் காப்பி கொடுக்கவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு மதுரை போனபோது சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் முதலில் அப்பாவிடம் சொன்னேன். ஏன் அவரிடம் முதலில் என்று தெரியவில்லை, ஒருவேளை அவர் அழமாட்டார் என்பதால் இருக்கலாம். காகிதத்தில் மூளையை வரைந்து, இந்த வழி, அந்த வழி, இங்கே அடைப்பு என்று காட்டினேன். அப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார். பேச்சு குழறும், நிதானமாகத்தான் வரும்.

“கால் பிரேக்கு... காத்துல. ஏர் லைன் போச்சுன்னா... புடிக்காது.”

“ஆமா.”

“ஹேண்ட் பிரேக்கு... வேற லைனு.”

“ஆமாப்பா. அதுதான்.”

“அப்ப நான் அழுத்துறதுல... புண்ணியமில்ல.” கொஞ்சம் நிறுத்தி, “தெரியும்டா. கை தூக்கறப்ப... அது நான் இல்லன்னு... தெரியும். யாரோ தூக்குறாப்புல இருக்கும்.”

நான் மூன்று வாரம் தூக்கிக்கொண்டு அலைந்ததை அவர் முதல் நாளிலிருந்தே வைத்திருந்திருக்கிறார். அம்மாவிடம் அவரும் சொல்லவில்லை.

அம்மா வந்ததும் சொன்னேன். படமெல்லாம் காட்டவில்லை. கொட்டாவிக்குக் கை வருவது வேறு, நாமாகத் தூக்குவது வேறு, ஒன்று வந்ததால் மற்றது வரும் என்று அர்த்தமில்லை என்றேன். அவள் காய்கறிப் பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

“அப்ப கை செத்துப் போச்சுங்கிறியா?”

“இல்லம்மா. கை உசுரோடதான் இருக்கு. கை, நரம்பு, தசை எல்லாம் இருக்கு. மேல இருந்து வர்ற தகவல்தான் வரல. எக்சர்சைஸ விடக் கூடாது.”

“ம்,” என்றாள். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது. அதோடு அந்தச் சாயங்கால நாற்காலி நின்றுவிடும் என்று நினைத்தேன். ஐந்தரைக்கு நாற்காலி வந்தது. கூடவே ஒரு கிண்ணம் வெந்நீர், ஈரத் துண்டு, பவுடர் டப்பா.

பக்கவாதம் வந்த கை நாளாக ஆக இறுகிவிடும். மேற்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும். விலக்கிப் பிடித்தால் வலிக்கும், இன்னும் இறுகும். அக்குளைத் துடைக்க முடியாது. வேர்வை தங்கி, தோல் வெந்து, நாற்றம் எடுக்கும். அப்பாவுக்குப் புண்ணே வந்திருந்தது. இதை எந்தக் கட்டுரையிலும் நான் தேடிப் படிக்கவில்லை, அம்மா போனில் சொன்னதுமில்லை. சட்டையை அவிழ்த்துவிட்டு எதிரே உட்கார்ந்து அம்மா கொட்டாவி விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது நிஜம். அப்பாவின் தாடை இறங்கியது, கண் இடுங்கியது, கை கிளம்பியது. விலாவுக்கும் கைக்கும் நடுவில் இடைவெளி விழுந்த அந்தக் கணத்தில் அம்மா துண்டை உள்ளே விட்டு ஒரே இழுப்பில் துடைத்தெடுத்தாள். கை இறங்குவதற்குள் பவுடரும் போட்டாயிற்று.

“ஆறு செகண்டு,” என்றேன் என்னை அறியாமல்.

“என்னது?”

“ஒண்ணுமில்ல.”

“ரெண்டு தடவ விட்டாருன்னா சட்டையும் மாட்டிருவேன்,” என்றாள். மஞ்சள் துணி சாமி படத்துக்கு முன்னால் அப்படியேதான் இருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

ராத்திரி மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். நான் முந்தின ராத்திரி பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்தவன், சரியாகத் தூங்கியிருக்கவில்லை. எனக்கு ஒரு கொட்டாவி வந்தது. அடக்கவில்லை. அம்மாவுக்கு வந்தது, பழக்கத்தில் இரண்டு சொடக்குப் போட்டாள். இருவரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் தாடையை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“போதும்,” என்றார். “இன்னிக்கு ட்யூட்டி... முடிஞ்சிருச்சு.”